25,000 ரூபாய் வருமானம், சிபில் மைனஸ் 1: பழைய கார் லோன் சேவை எப்படி?

மாதம் 20,000 முதல் 30,000 ரூபாய் வருமானம். இதுவரை வங்கியில் லோன் எடுத்ததில்லை, கிரெடிட் கார்டும் கிடையாது, அதனால் சிபில் என்ற கடன் வரலாற்று மதிப்பெண் மைனஸ் 1. தமிழ்நாட்டில் இந்த நிலையில் உள்ளவர் கார் வாங்கக் கிளம்பினால், அவரை முதலில் உட்கார வைத்துப் பேசுவது பைனான்ஸ் கம்பெனிதான். சுந்தரம் பைனான்ஸ் 1954இலும், சோழமண்டலம் 1978இலும், ஸ்ரீராம் 1979இலும் சென்னையில் தொடங்கப்பட்டவை. சம்பளச் சீட்டு இல்லாத லாரி டிரைவருக்குப் பழைய லாரி வாங்கக் கடன் கொடுத்தே வளர்ந்த தொழில் இது. அதனால் ஆளைப் பார்த்து, வண்டியைப் பார்த்து லோன் போடும் பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. இந்த மதிப்பீடு எந்த ஒரு கம்பெனியையும் பற்றியதல்ல. குறைந்த வருமானக்காரருக்குக் கிடைக்கும் பழைய கார் லோன் என்ற சேவையையே எடுத்துக்கொள்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிடைப்பதில் குறையில்லை. காகிதம் சரியாக இருந்தால் ஒரு வாரத்துக்குள் பணம் வந்துவிடும். விலையைச் சொல்லும் விதத்தில்தான் பெரிய குறை. வட்டி எவ்வளவு என்று வாயால் சொல்லப்படும் எண்ணும், நீங்கள் உண்மையில் கட்டும் எண்ணும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசப்படும்.

10% என்று சொன்னால் எத்தனை சதவீதம்?

பழைய கார் விற்றுத்தரும் கன்சல்டிங்கில் சொல்லும் வட்டி பெரும்பாலும் ஃபிளாட் வட்டி. 3,00,000 ரூபாய், 36 மாதம், ஃபிளாட் 10% என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்கு வட்டி 90,000. மொத்தம் 3,90,000ஐ 36ஆல் வகுத்தால் மாத டியூ 10,833 ரூபாய். கணக்கு சுலபமாக இருக்கிறது, குறைவாகவும் தெரிகிறது. ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலைக் கழித்துக்கொண்டே வருகிறீர்கள். வட்டியோ கடைசி மாதம் வரை முழு 3,00,000க்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்கு மட்டும் வட்டி என்று கணக்கிட்டால் இதே டியூ கிட்டத்தட்ட 18% ஆகிறது. அதே 3,00,000க்கு வங்கி 11% குறையும் வட்டியில் கொடுத்தால் டியூ 9,822தான். வாயால் சொல்லும்போது வங்கி 11, பைனான்ஸ் 10. கையிலிருந்து போகும்போது பைனான்ஸுக்கு மாதம் 1,011 ரூபாய் அதிகம்.

இது பாதிக் கணக்கு. 3,00,000 என்று ஒப்பந்தத்தில் இருக்கும், கையில் அவ்வளவு வராது. உதாரணத்துக்கு: பிராசசிங் கட்டணம் 2% என்றால் 6,000, அதற்கு 18% ஜிஎஸ்டி 1,080. முத்திரைத்தாளும் ஆவணக் கட்டணமும் 1,500. வண்டியை மதிப்பிட வந்தவருக்கு 1,000. கடன் காப்பீடு என்று ஒரு ஒற்றைப் பிரீமியம் 5,420. ஆக 15,000 கழிந்து 2,85,000தான் உங்கள் காருக்குப் போகிறது. டியூ அதே 10,833. இப்போது உண்மையான ஆண்டு வட்டி 21.5 சதவீதத்தைத் தாண்டிவிடும். “பத்து பர்சென்ட்” என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது.

இந்த எண்ணைக் கண்டுபிடிக்க நீங்கள் கணக்குப் போடவே வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் புதிதாக அனுமதிக்கப்படும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் கேஎஃப்எஸ் என்ற முக்கிய விவரத் தாளைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும். வட்டியும் கட்டணங்களும் சேர்ந்த உண்மையான ஆண்டு விகிதம் அது. கூடவே மாதவாரியாக அசல், வட்டி பிரித்த அட்டவணையும் இருக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளை ஒப்பிட அந்த ஒரு வரி போதும். தாளைக் கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களுக்குள் நீங்கள் ஒப்புக்கொண்டால் அதில் போட்ட நிபந்தனைகளிலிருந்து கம்பெனி பின்வாங்க முடியாது. தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கவும் முடியாது.

நடைமுறையில் நடப்பது வேறு. கையெழுத்துப் போடும் நாளில் முப்பது நாற்பது பக்கத்துக்கு நடுவில் இந்தத் தாளும் செருகப்பட்டிருக்கும், அல்லது ஓடிபி வாங்கிக்கொண்டு செல்போனுக்கு அனுப்பிவிடுவார்கள். “கேஎஃப்எஸ் அனுப்புங்க, பார்த்துட்டு நாளைக்கு வர்றோம்” என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு முகம் மாறும் ஏஜெண்டிடம் கையெழுத்துப் போடவே வேண்டாம். ஒப்பந்தத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் கேட்கும் உரிமையும் உண்டு. தமிழ்ப் பிரதி கேளுங்கள்.

மேலே சொன்ன கடன் காப்பீடு கட்டாயம் இல்லை. கட்டாயமானது வண்டிக்கான மோட்டார் காப்பீடு மட்டும். குடும்பத்தில் சம்பாதிப்பவர் ஒருவரே என்றால் கடன் காப்பீடு நல்லதுதான். ஆனால் அதைத் தனியாகக் கேட்டு, தனியாக விலை பார்த்து எடுங்கள். லோனோடு ஒட்டி வந்தால் அந்தப் பிரீமியத்துக்கும் சேர்த்து 18% வட்டி கட்டுவீர்கள்.

மைனஸ் 1 என்பது கெட்ட சிபில் இல்லை

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. கடன் வரலாறே இல்லாதவருக்கு இந்த எண் வராது. மைனஸ் 1 அல்லது என்.ஹெச். என்று வரும், வரலாறு இல்லை என்பது அதன் பொருள். கன்சல்டிங்கில் சிலர் இதைக் காட்டி “உங்க சிபில் சரியில்ல, அதனால வட்டி கூட” என்று பேசுவார்கள். டியூ கட்டாமல் 550க்கு விழுந்தவரும், எழுதாத ஸ்லேட்டாக வந்து நிற்பவரும் ஒன்றல்ல. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதாகவும், இவ்வளவு ஸ்கோர் இருந்தே தீர வேண்டும் என்று எந்தக் குறைந்தபட்சமும் வைக்கவில்லை என்றும் 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. வங்கிகளுக்கு அவரவர் உள்விதி உண்டு என்பதால் கதவு தானாகத் திறந்துவிடாது. ஆனாலும் மேலாளரிடம் பேச இது ஒரு பிடி.

வாசலுக்குப் போகும் முன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்ற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். “என் பேர்ல எதுவுமே இல்ல” என்று நினைப்பவர்களில் பலருக்கு உள்ளே ஏதாவது இருக்கும். தவணையில் வாங்கிய செல்போன், மகளிர் குழுக் கடன், நகைக்கடன், மச்சானுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து எல்லாம் பதிவாகும். நகையை மீட்டும் கணக்கு மூடப்படாமல் நிற்பதும், அதே பெயருள்ள இன்னொருவரின் கடன் ஒட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி பார்க்கும் பிழைகள். திருத்தக் கேட்டு 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். லோனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். ஒரே வாரத்தில் நான்கு கம்பெனிகள் உங்கள் சிபிலை எடுத்தால், அந்த நான்கு விசாரணையும் அறிக்கையில் நின்று ஐந்தாமவரைத் தயங்க வைக்கும். ஏஜெண்டிடம் பான் கார்டு நகலைக் கொடுக்கும்போது எந்தக் கம்பெனிக்கு என்று அதன் மேலேயே எழுதிக் கொடுப்பது நல்லது.

அவசரம் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுங்கள். வங்கியில் 15,000, 20,000 ரூபாய் வைப்பு வைத்து, அதன் பேரில் ஒரு கிரெடிட் கார்டு வாங்குங்கள். சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் பயன்படுத்தி, பில் தொகையை முழுதாகக் கட்டிவாருங்கள். 2025 ஜனவரி முதல் இந்தத் தகவல்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்கப்படுகின்றன. ஆறு மாதத்தில் பேரம் பேச ஒரு எண் கையில் இருக்கும்.

சம்பளச் சீட்டு இல்லாதவரை எப்படி அளக்கிறார்கள்

இந்தச் சேவையின் பலமே இங்கேதான் இருக்கிறது. ஹோட்டல் மாஸ்டர், எலக்ட்ரீஷியன், தையல் கடை, பால் வியாபாரம் என்று கையில் காசு வாங்கும் வேலைகளை வங்கி ஒதுக்கிவிடும். பைனான்ஸ் கம்பெனி ஆள் அனுப்பிப் பார்க்கும். வருகிறவர் வீட்டைப் படம் எடுப்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், வேலை செய்யும் இடத்துக்குப் போவார். சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீதும் ஈபி பில்லும் கேட்பார். வாடகை வீடு என்றால் பெரும்பாலும் சொந்த வீடு உள்ள ஒரு ஜாமீன்தாரர் வேண்டும். அவரிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்தக் கடன் அவர் சிபிலிலும் ஏறும், நீங்கள் ஒரு டியூ தவறினால் அவர் வீட்டுக் கடன் விண்ணப்பம் வரை பாதிக்கும். பிறகு தெரிந்து உறவு முறிவதை விட இப்போதே அவர் மறுப்பது மேல்.

அடுத்து வங்கிக் கணக்கு. ஆறு மாத ஸ்டேட்மென்ட்டில் மூன்று விஷயங்களைப் பார்க்கிறார்கள். பணம் வரும் ஒழுங்கு, டியூ தேதிகளான 5, 10, 15இல் கணக்கில் நிற்கும் இருப்பு, திரும்பிப்போன காசோலை அல்லது ஆட்டோ டெபிட். கையில் சம்பளம் வாங்குபவர் மாதாமாதம் அதே தேதியில் அதைக் கணக்கில் போட்டு, அங்கிருந்து செலவு செய்யப் பழகினால் ஆறு மாதத்தில் அதுவே வருமானச் சான்று. லோனுக்காக யாரிடமோ 1,00,000 வாங்கிப் போட்டு மறுநாள் எடுப்பது உதவாது. அனுமதி கொடுப்பவர் கண்ணில் முதலில் படுவதே அந்த வரிதான்.

வருமானத்தில் 40 முதல் 50 சதவீதம் வரை எல்லா டியூவுக்கும் சேர்த்து அனுமதிப்பது இவர்கள் வழக்கம். மகளிர் குழுத் தவணையும் இதற்குள் வரும். இது கம்பெனி தாங்கும் அளவு. உங்கள் வீடு தாங்கும் அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 25,000 வருமானத்தில் 10,833 டியூ என்றால் விதிப்படி லோன் கிடைத்துவிடும். அதன்மேல் மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 16 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று போட்டால் 3,100. இன்சூரன்ஸுக்கும் சர்வீஸுக்கும் டயருக்கும் மாதம் 2,000 ஒதுக்க வேண்டும். மொத்தம் 16,000 போய்விடும். மீதி 9,000இல் வாடகையும் அரிசியும் பள்ளிக் கட்டணமும் நடக்காது.

எங்கள் கணக்கில் 25,000 வருமானத்துக்கு டியூ 6,500க்கு மேல் போகக் கூடாது. ஃபிளாட் 10%, 36 மாதம் என்றால் அது 1,80,000 ரூபாய் லோன். ஆக 2,80,000 விலையுள்ள வண்டியும், கையில் குறைந்தது 1,20,000 ரொக்கமும் சேர்ந்தால்தான் இந்த லோன் உங்களுக்குச் சரிப்படும். ரொக்கம் இல்லையென்றால் காலத்தை 60 மாதமாக நீட்டித் தருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து வயது வண்டிக்குப் பதினைந்து வயது வரை டியூ கட்டும் நிலை வரும், அதற்குள் கிளட்ச், சஸ்பென்ஷன் என்று வண்டியே தனியாக ஒரு டியூ கேட்கும்.

வண்டியின் பக்கம்

லோன் தொகை நீங்கள் பேசிய விலைக்குக் கிடையாது, மதிப்பீட்டாளர் போடும் விலைக்குத்தான். விற்பவர் 3,80,000 கேட்கிறார், 80% லோன் என்று கேட்டு 76,000 போதும் என்று நினைத்திருப்பீர்கள். மதிப்பீடு 3,40,000 என்று வரும். அதில் 80% 2,72,000. உங்கள் கையிலிருந்து 1,08,000 போக வேண்டும். அதற்கு மேல் லோனில் கழிபடும் கட்டணம், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ். முழு ரொக்கத்தையும் முன்பணமாகத் தீர்த்துவிட்டவர்கள் இந்த இடத்தில்தான் மீட்டர் வட்டிக்குப் போகிறார்கள். முன்பணம் கொடுக்கும்போதே, லோன் அனுமதி ஆகாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மதிப்பீட்டைக் கூட்டிப் போட வைத்து, “கைக்காசே வேண்டாம், முழு லோன்” என்பார்கள். 3,00,000 பெறும் வண்டிக்கு 3,20,000 கடன் நிற்கும். ஒரு வருடத்தில் விற்க நினைத்தாலும் முடியாது. விபத்தில் வண்டி முற்றிலும் போனால் இன்சூரன்ஸ் பணம் முதலில் பைனான்ஸுக்குத்தான் போகும். அதுவும் போதாமல் மீதியை நீங்கள் கட்டுவீர்கள்.

வண்டியின் வயதும் லோன் காலமும் சேர்ந்து பெரும்பாலும் 10 முதல் 12 வருடத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், சில கம்பெனிகள் 15 வரை போகும். மூன்றாம் ஓனர் என்றால் மதிப்பு இறங்கும். அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் பழைய ஹெச்.பி. (வண்டி மேல் கடன் நிற்கிறது என்ற பதிவு) இருக்கிறதா, கட்டாத இ-சலான் இருக்கிறதா, இன்சூரன்ஸ் ஓடுகிறதா என்று தெரிந்துவிடும். பழைய ஹெச்.பி. இருந்தால் கடன் தீர்ந்தது, ஆட்சேபணை இல்லை என்று அந்தக் கம்பெனி தரும் என்.ஓ.சி.யும், ஹெச்.பி.யை நீக்கும் படிவம் 35உம் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சென்னை வண்டி என்றால் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் சேறு தெரியும், டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள இரும்பு பிராக்கெட்டில் துரு தெரியும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; உங்கள் லோனை ஆர்.சி.யில் ஏற்றப் படிவம் 34. லோன் பணம் கன்சல்டிங் கணக்குக்குப் போன பிறகு பெயர் மாற்றம் மாதக்கணக்கில் இழுபடுவதுதான் இந்தச் சேவையில் அதிகம் வரும் தகராறு. அதுவரை டியூ உங்கள் பேரில், வண்டி இன்னொருவர் பேரில். விற்பனைத் தொகையில் 20,000 ரூபாயாவது ஆர்.சி. மாறி வந்த பிறகு என்று நிறுத்தி வையுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்றக் கொடுத்துவிட வேண்டும். விற்பவர் க்ளெய்ம் கேட்காததற்காகப் பெற்ற பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்ட நேரிடும்.

சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டு வண்டியை வாங்கி வாடகைக்கு ஓட்டி டியூ கட்டலாம் என்ற யோசனை பலருக்கு வரும். வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் க்ளெய்ம் நிராகரிக்கப்படும். ஓட்டிப் பிழைப்பதுதான் நோக்கம் என்றால் முதலிலிருந்தே வாடகைக்குப் பதிவான டி போர்டு வண்டிக்கு லோன் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அதற்கு முன் அவர்களுக்கான அரசுக் கழகமான தாட்கோவில் விசாரியுங்கள். சுயதொழிலுக்கு 35% மானியம் தரும் முதலமைச்சரின் அரைஸ் திட்டம் அங்கே இருக்கிறது.

இதே டியூவில் புதுக் கார்?

பழைய கார் லோன் எடுக்கத் தயாராகிவிட்டவர் ஒருமுறை இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ போன்றவற்றின் அடிப்படை மாடல் ஷோரூம் விலை 4,00,000க்குக் கீழே வந்தது. 4,00,000 என்றே வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5,00,000 வரையிலான காருக்குச் சாலை வரி 12%, அதாவது 48,000. இன்சூரன்ஸும் பதிவும் சேர்த்து ஆன்ரோடு 4,80,000 அளவில் நிற்கும். 1,20,000 கையிலிருந்து போட்டு 3,60,000ஐ வங்கியில் 9.25 சதவீதத்தில் ஐந்து வருடத்துக்கு எடுத்தால் டியூ 7,517. மொத்த வட்டி சுமார் 91,000. பழைய காருக்கு 3,00,000 எடுத்து மூன்றே வருடத்தில் கட்டிய வட்டி 90,000 என்பதை நினைவில் வையுங்கள். ஏழு வருடமாக நீட்டினால் டியூ 5,838, வட்டி 1,30,000 ஆகும்.

ஸ்டேட் வங்கி கார் லோனுக்குக் கேட்கும் குறைந்தபட்ச வருமானம் ஆண்டுக்கு 3,00,000. இதில் பலரும் கவனிக்காத சலுகை, கணவன் மனைவி இருவர் வருமானத்தையும் சேர்த்துக் காட்டலாம். ஒருவருக்கு 16,000, இன்னொருவருக்கு 10,000 என்றாலும் வரம்பைத் தாண்டிவிடும். வருமானத்துக்குக் காகிதம் வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சொந்தத் தொழில் செய்பவர் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். வரி ஒரு ரூபாய் கூட வராவிட்டாலும் தாக்கல் செய்யலாம், செய்ய வேண்டும். கணக்கு வைத்திருக்கும் கிளையிலேயே முதலில் கேளுங்கள். மைனஸ் 1 ஆளுக்கு மற்ற வங்கியை விட, சம்பளம் வந்துபோவதைத் தன் கணினியிலேயே பார்க்கும் வங்கி எளிதில் இணங்கும்.

வீட்டில் நகை இருந்தால் அது மூன்றாவது வழி. 2026 ஏப்ரல் 1 முதல் 2,50,000 வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம். வங்கி நகைக்கடன் வட்டி பழைய கார் லோன் வட்டியை விடக் கணிசமாகக் குறைவு. ஆர்.சி.யில் ஹெச்.பி. ஏறாது, வண்டியை யாரும் தூக்கவும் மாட்டார்கள். ஒரு வருடத்தில் மொத்தமாகத் திருப்பும் வகையா, மாதத் தவணை வகையா என்று கேட்டு மாதத் தவணையையே எடுங்கள். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போனால் நகையும் மீளாது, காரும் தேய்ந்துவிடும்.

விலகி நிற்க வேண்டிய வாசல் ஒன்று உண்டு. “சிபில் வேண்டாம், அரை மணி நேரத்தில் லோன்” என்று வாட்ஸப்பில் வந்து, ஃபைல் சார்ஜ் என்று தனிநபர் எண்ணுக்கு 2,999 ஜிபே செய்யச் சொல்பவர்கள். பதிவுபெற்ற கம்பெனி எதுவும் லோன் கொடுக்கும் முன் தனிநபர் கணக்கில் பணம் கேட்காது. ரிசர்வ் வங்கித் தளத்தில் பதிவுபெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது, அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டத் தொடங்கிய பிறகு

டியூ தேதியைச் சம்பளம் வந்து இரண்டு மூன்று நாள் கழித்து வைக்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கேட்டால் செய்வார்கள். ஒருமுறை ஆட்டோ டெபிட் திரும்பினால் வங்கியும் பிடிக்கும், கம்பெனியும் பிடிக்கும், இரண்டுக்கும் ஜிஎஸ்டி உண்டு. தாமதத்துக்கு அபராதக் கட்டணம் போடலாம். ஆனால் அதை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போட 2024 ஏப்ரல் 1 முதல் வந்த கடன்களில் அனுமதி இல்லை. வசூலுக்கு வருபவரிடம் ரொக்கம் கொடுத்தால் அந்த நிமிடமே கம்பெனியின் ரசீது குறுஞ்செய்தியாக வர வேண்டும். அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் ஏறும் என்று நம்பாதீர்கள்.

மூன்று டியூ நின்று 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகும். வண்டியைத் தூக்கும் பேச்சும் அதையொட்டியே வரும். நோட்டீஸ் காலம், விற்கும் முன் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏலம் விடும் முறை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் அழைக்கக் கூடாது. அடியாள் வைத்து வண்டியைப் பறிப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருக்கிறது. கட்ட முடியாது என்று தெரிந்தால் தெருவில் பிடிக்கும் வரை காத்திருக்காமல் கிளைக்குப் போய்ப் பேசுங்கள். ஒப்படைப்பதாக இருந்தால் கிலோமீட்டர், சாவி எண்ணிக்கை, ஸ்டெப்னி, மியூசிக் சிஸ்டம் எல்லாம் எழுதி முத்திரையோடு வாங்குங்கள். ஏல விலை போக மீதிக் கடன் உங்கள் தலையில்தான் நிற்கும் என்பதால் அந்தக் காகிதம் முக்கியம். கம்பெனி புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, உதவி எண் 14448.

முன்கூட்டியே அடைக்க நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை. அதே 3,00,000 கடனில் 18 டியூ, அதாவது சரிபாதி கட்டிய பிறகும் அசல் சுமார் 1,70,000 நிற்கும். டியூவில் வட்டிக்குப் போகும் பங்கு முதல் மாதங்களில்தான் அதிகம். இதன்மேல் முன்னடைப்புக் கட்டணம் 4, 5 சதவீதமும் ஜிஎஸ்டியும் வரும். 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்பட்ட மாறும் வட்டிக் கடன்களில் தனிநபரிடம் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது. பைனான்ஸ் கம்பெனிகளின் பழைய கார் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் அந்தச் சலுகை அங்கே எட்டாது. கையெழுத்துக்கு முன்பே கேஎஃப்எஸ் தாளில் இந்தச் சதவீதத்தைப் பார்த்துப் பேசிக் குறைக்க முடியும், பிறகு முடியாது.

கடைசி டியூ கட்டியதும் வேலை முடிந்துவிடாது. என்.ஓ.சி., இரண்டு பிரதி படிவம் 35, நீங்கள் கொடுத்த வெற்றுக் காசோலைகள் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். என்.ஓ.சி. பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குள் பரிவாகனில் விண்ணப்பித்து ஆர்.சி.யில் ஹெச்.பி.யை நீக்குங்கள், இன்சூரன்ஸ் பாலிசியிலிருந்தும் கம்பெனியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்துச் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘குளோஸ்டு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘செட்டில்டு’ (கடனைக் குறைத்துக் கட்டி முடித்தது) என்று இருந்தால் உடனே எழுதித் திருத்துங்கள். முழுதும் கட்டியவருக்கு அந்தச் சொல் வரக் கூடாது.